18,000 ரூபாய் கேட்கும் அந்த ஆள் உங்களுக்கு எதை விற்கிறார்?

"அப்பா காலமான பிறகு வீட்டுப் பட்டாவை என் பெயருக்கும் தங்கை பெயருக்கும் மாற்றப் போனேன். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர், நான் இல்லாமல் பைல் நகராது என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்டார். அசல் பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஆட்கள் எத்தனை வகை? பெரிய அரசியலிலும் பிசினஸிலும் பேசப்படும் இடைத்தரகர்களும் இவர்களும் ஒன்றா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வகை எத்தனை என்பது மேலே தெரிகிற கேள்விதான். யாரிடம் பணம் கொடுத்தால் அது கூலி, யாரிடம் கொடுத்தால் அது லஞ்சம், யாரிடம் கொடுத்தால் ஏமாந்து போவோம் என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 32 வருடம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் ஆட்களை உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் அவர்களைப் பற்றி நிச்சயமாகப் பேச முடியும். கம்பெனிகள், டெல்லி, ராணுவ பேரம் இதெல்லாம் என் அனுபவம் இல்லை. பொதுவில் பதிவாகியிருப்பதை வைத்துத்தான் பேசுவேன். சட்டப் பிரிவுகளைத் துறைத் தேர்வுக்காகவும் வேலைக்காகவும் படித்திருக்கிறேன். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

புரோக்கர், ஏஜென்ட், கன்சல்டன்ட், லெயசன் ஆபீசர், "நம்ம ஆளு", "அண்ணன்கிட்ட சொல்லி முடிச்சிடலாம்" என்று எத்தனை பெயர் இருந்தாலும், அவர் கையில் விற்க என்ன இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். சிலர் தங்களுக்குத் தெரிந்ததை விற்கிறார்கள்: எந்தப் படிவம், எந்தச் சான்று, எந்த மேசை. சிலர் தங்கள் அலைச்சலை, நேரத்தை விற்கிறார்கள். சிலர் பழக்கத்தை, அதாவது சிபாரிசை விற்கிறார்கள். சிலர் அதிகாரியின் கையெழுத்தையே விற்கிறார்கள். இன்னும் சிலர் எதையுமே விற்பதில்லை, எப்படியும் நடக்கப்போகிற ஒன்றைத் தாங்கள் நடத்தியதாகக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். ஒரே ஆள் ஒரே நாளில் இதில் மூன்றைச் செய்வார். அதனால் ஆளை வைத்துப் பிரிக்காமல், உங்களிடம் அவர் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று பிரிக்க வேண்டும்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். திங்கட்கிழமை குறைதீர் நாளில் இவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். வரும் பெண்மணி தன் கதையை அரை மணி நேரம் சொல்வார். இவர் அதை ஒரே பக்கத்தில், சர்வே எண்ணோடு, யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவருடைய பதவிப் பெயரோடு எழுதிவிடுவார். நான் படித்த நல்ல மனுக்களில் பாதி இவர்கள் எழுதியவை. பத்திரம் எழுதுபவரும் இந்த வகைதான். அவருக்கு 1982-ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகள் இருக்கின்றன, உரிம எண் இருக்கிறது. அவர் உங்களிடம் வாங்கும் எழுத்துக்கூலி நியாயமானது. "சப்-ரிஜிஸ்டிராருக்கு" என்று தனியாக ஒரு தொகை சேர்த்துச் சொன்னாரென்றால், அந்த நொடியில் அவர் நான்காவது வகைக்குப் போய்விட்டார்.

இந்த முதல் வகையினர் ஏன் தேவைப்படுகிறார்கள்? மக்கள் பேசும் தமிழும் ஆபீஸ் தமிழும் வேறு வேறு. சிட்டா, அ-பதிவேடு, உட்பிரிவு, நத்தம், புலப்படம், தீர்வை என்று நாங்கள் பேசுவது விவசாயம் செய்கிறவருக்கே பாதிதான் புரியும். நகரத்தில் வளர்ந்த உங்களுக்கு இன்னும் கஷ்டம். பழைய சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் துபாஷிகள் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். துபாஷி என்றாலே இரண்டு மொழி தெரிந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளை பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்குத் தலைமை துபாஷியாக இருந்து 25 வருடம் நாட்குறிப்பு எழுதினார். பச்சையப்ப முதலியார் துபாஷியாகச் சேர்த்த செல்வம் இன்றும் கல்லூரிகளாக நிற்கிறது. அதே தொழிலில்தான் அவதானம் பாப்பையாவும் இருந்தார். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய அதிகாரிகளான ஹாலண்ட் சகோதரர்களுக்கு துபாஷியாக இருந்து, அவர்களுக்குப் பிடிக்காத ஒரு கம்பெனி அதிகாரியை ஒழிக்கப் பொய் வழக்கு ஜோடித்ததற்காக 1792-ல் தண்டிக்கப்பட்டார். சூளையில் அவர் பெயரில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது. மொழிபெயர்க்க வந்தவர் துரையின் காதாகவும் கையாகவும் மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. தாலுகா ஆபீஸ் வாசலிலும் இதே மாற்றம் சிறிய அளவில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1980 நவம்பர் 14-ஆம் தேதி பரம்பரை கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது சரியான சீர்திருத்தம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கிராமத்துக் கணக்கு முழுக்க பழைய கர்ணங்களின் தலையில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த பகுதியில், பதவி போன கர்ணங்கள் சிலர் மனு எழுதுபவர்களாகவும் நிலத் தரகர்களாகவும் மாறினார்கள். புதிதாக வந்த அலுவலரே "அய்யா, இந்த நம்பர்ல யார் அனுபவம்?" என்று அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதோடு 1979-லிருந்து 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்வது, பெயர் மாறி விழுந்தது, பரப்பு குறைந்தது, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியது என்று பிழைகள் நிறைய நுழைந்துவிட்டன. அந்தப் பிழைகள் ஒரு தலைமுறை கழித்து, வாரிசு பெயர் மாற்றும்போதோ விற்கும்போதோதான் வெளியே வரும். வாசலில் நிற்பவர்களின் பிழைப்பில் பெரும்பங்கு யு.டி.ஆர். பிழைகள் போட்ட சோறு.

இனி நீங்கள் வெளியிலிருந்து பார்க்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். புரோக்கரை மக்களைவிட அதிகமாகச் சார்ந்திருப்பது ஆபீஸ்தான். நேரில் வரும் பத்துப் பேரில் ஆறு பேரின் விண்ணப்பம் அரைகுறையாக இருக்கும். இறப்புச் சான்றில் ஒரு பெயர், பத்திரத்தில் வேறு பெயர். ஆதாரில் முதலெழுத்து மாறியிருக்கும். அதை விளக்கிச் சொல்ல ஆளுக்குப் பத்து நிமிடம் வேண்டும். புரோக்கர் கொண்டுவரும் கட்டு ஒழுங்காக இருக்கும், எல்லா நகலும் வரிசையில் இருக்கும். ஆள் பற்றாக்குறையில், தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் என்று ஓடும் ஆபீசில், ஒழுங்கான கட்டு முதலில் கையெழுத்தாகும். இதில் காசு எதுவும் கைமாறாமலே புரோக்கருடைய பைல் வேகமாகப் போகும். வெளியில் இருப்பவருக்கு அது லஞ்சத்தின் வேகமாகத் தெரியும். நானும் பல வருடம் அப்படித்தான் ஒழுங்கான கட்டை முதலில் எடுத்தேன். அதனால் அந்த ஆட்களின் செல்வாக்கு வளர்ந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்கு வருந்துகிறேன்.

லஞ்சம் வாங்குகிற அதிகாரிக்கோ புரோக்கர் இன்னொரு விதத்தில் தேவை. தெரியாத ஆளிடம் நேரடியாக வாங்கினால், அந்த நோட்டில் பினாப்தலின் பவுடர் தடவி ஊழல் தடுப்புப் பிரிவு வெளியே நிற்கலாம். சோடியம் கார்பனேட் கரைசலில் கையை நனைத்தால் நிறம் ரோஸ் ஆகிவிடும் என்று எல்லா ஊழியருக்கும் தெரியும். அதனால் பழகின ஒருவர் வழியாக வாங்குகிறார். கொடுப்பவருக்கும் ஒரு பயம் இருக்கிறது: வாங்கிவிட்டு வேலையைச் செய்யாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? தினமும் அங்கேயே நிற்கும் புரோக்கர் இரண்டு பக்கமும் ஜாமீன் மாதிரி ஆகிறார். அவர் சொல்லும் தொகையில் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு அவர் பையில் நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. "மேல கொடுக்கணும்" என்ற இரண்டு வார்த்தைக்கு ரசீது கிடையாது.

இப்போது ஐந்தாவது வகைக்கு வருகிறேன். என்னைத் தூங்க விடாமல் செய்தது இதுதான். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு அம்மாவுக்கு நான் இருந்த ஆபீசில் உத்தரவு போட்டாகிவிட்டது. தபால் அவர் கைக்குப் போக பத்துப் பதினைந்து நாள் ஆகும். பட்டியலில் பெயர் வந்துவிட்டதை ஆபீசில் யார் மூலமோ தெரிந்துகொண்ட ஒருவர், அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், "நான் பேசி முடிச்சுத் தர்றேன், 3,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லி வாங்கிவிட்டார். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்ததும், அந்த ஆளுக்கு நன்றி சொல்ல ஆபீசுக்கே வந்து விசாரித்தார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. உத்தரவின் தேதியைக் காட்டிச் சொன்னேன். நம்பவில்லை. "அவர் போனதுக்கப்புறம்தானே சாமி வந்துச்சு" என்றார். பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. தகவலை வெளியே சொன்னது யார் என்பதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதே உத்தியின் பெரிய வடிவம் அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்பது. பத்துப் பேரிடம் ஆளுக்கு 5 லட்சம் வாங்குவார். யாருக்காகவும் எதுவும் செய்ய மாட்டார். பத்தில் இரண்டு பேர் தங்கள் சொந்தப் படிப்பால் தேர்வாகிவிடுவார்கள். மீதி எட்டுப் பேருக்கு, "மேலே கொஞ்சம் சிக்கல் ஆயிடுச்சு" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வேலை நடக்காவிட்டால் பணம் திரும்பி வரும் நேர்மையான ஆள் என்று ஊரில் பெயர் வேறு கிடைக்கும். பாஸான இருவரும் தங்கள் உழைப்பை அவர் கணக்கில் எழுதிவிட்டுப் போவார்கள். எல்லோருமே இப்படி ஒன்றும் செய்யாமல் இருப்பவர்கள் என்று சொல்ல முடியாது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்களின் விடைத்தாள்களில் இடைத்தரகர்கள் உண்மையாகவே கை வைத்தது 2020 ஜனவரியில் வெளியே வந்தது. சிறிது நேரத்தில் மறையும் மையில் எழுத வைத்து, வழியில் விடையைத் திருத்தினார்கள். 99 பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தேர்வு எழுதத் தடை. ஆக, அந்த ஆள் பொய் சொல்கிறார் என்றால் பணம் போகும், உண்மை சொல்கிறார் என்றால் வாழ்க்கை போகும்.

இதில் சட்டம் நிச்சயமாகச் சொல்வது ஒன்று உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவிலேயே இதற்கு உதாரணம் எழுதி வைத்திருக்கிறது: ஒருவருக்கு அரசு வேலை வாங்கித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார், அதற்கு 1,000 ரூபாய் தருவதாக இவர் ஒத்துக்கொள்கிறார், இந்த ஒப்பந்தம் செல்லாது. 150 வருடத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்கு இந்த ஆட்களைத் தெரிந்திருக்கிறது. சந்தேகமாக இருப்பது, கொடுத்த பணத்தை சிவில் கோர்ட்டில் திரும்பக் கேட்க முடியுமா என்பது. சட்டவிரோத நோக்கத்துக்குக் கொடுத்த பணத்துக்குக் கோர்ட் பொதுவாக உதவி செய்யாது. ஏமாற்றப்பட்டவர் என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறலாம். இதை ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சிபாரிசு வகைக்கு வருவோம். வட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், கவுன்சிலரின் மச்சான் இவர்களெல்லாம் பெரும்பாலும் இங்கே வருகிறார்கள். நீங்கள் நினைப்பதுபோல் இவர்கள் எல்லோரும் காசு வாங்குவதில்லை. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரியில் படுக்கை, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை என்று ஓடி ஓடிச் செய்துவிட்டுக் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் வாங்குவது உங்கள் வீட்டின் நான்கு ஓட்டு, உங்கள் தெருவில் ஒரு மரியாதை, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வாய்ப்பு. ஆபீசுக்கு அவர்கள் வந்தால் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நேரில் வரப் பயப்படும் ஒரு கூலித் தொழிலாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். எளியவரின் நியாயமான வேலைக்குத் துணையாக வருவது ஒன்று. வரிசையில் முன்னால் நிற்பவரின் இடத்தைப் பறித்துக் கொடுப்பது வேறு. கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் ஒவ்வொரு எம்.பி.யும் 10 பிள்ளைகளைச் சிபாரிசு செய்யலாம் என்று அதிகாரபூர்வமாகவே இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். எம்.பி. வீட்டு வாசலில் அதற்காக நின்ற கூட்டமும், அந்தக் கூட்டத்துக்கும் எம்.பி.க்கும் நடுவில் நின்ற ஆட்களும் அதோடு போனார்கள்.

எங்கே பொருள் குறைவோ, எங்கே விதி புரியவில்லையோ, அங்கேதான் இந்த ஆட்கள் முளைக்கிறார்கள். ஒரு காலத்தில் கேஸ் இணைப்பு, டெலிபோன் இணைப்புக்கெல்லாம் ஆள் பிடித்தோம். இப்போது யாரும் பிடிப்பதில்லை, தாராளமாகக் கிடைக்கிறது. பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் வந்த பிறகு, பாஸ்போர்ட் ஏஜென்ட் கடைகள் வெறும் படிவம் நிரப்பும் கடைகளாகச் சுருங்கிவிட்டன. தொழில் உலகத்திலும் இதேதான். 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனதும், டெல்லியில் லைசென்ஸ் வாங்குவதற்கென்றே வைத்திருந்த தொடர்பு அலுவலகங்களின் பழைய வேலை போனது. நிலம், சுற்றுச்சூழல் அனுமதி, டெண்டர் என்று எங்கே அரசின் கையெழுத்து மிச்சமிருந்ததோ அங்கே அந்த ஆட்கள் நகர்ந்தார்கள்.

தொழில் உலகத்தில் ஒரு நல்ல விஷயம், சில தரகு வேலைகளுக்கு முறையான உரிமம் இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுத்துத் தருபவர் கஸ்டம்ஸ் புரோக்கர் என்ற உரிமம் வாங்கியவர், தப்புச் செய்தால் உரிமம் போகும். மனை விற்கும் ஏஜென்ட் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போக 2 லட்சம், 3 லட்சம் கட்டியதாக என்னிடம் புலம்பியவர்கள் ஏராளம். யாருக்கும் இந்த 30,000 பற்றித் தெரிந்திருக்கவில்லை. தமிழர்களுக்கு இந்த வலி புதிதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் கூட்டிப்போன கங்காணி, சொந்த ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போய், அந்தக் கடனைத் "துண்டு" என்ற சீட்டில் எழுதி வைத்தார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தத் தோட்டம் துண்டுக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனோடு ஆளும் கைமாறினார். இலங்கையில் 1921-ல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

பெரிய அரசியல் பற்றிக் கேட்டீர்கள். போபர்ஸ் என்ற ஸ்வீடன் கம்பெனியின் பேரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1986 மார்ச்சில் 1,437 கோடி ரூபாய்க்கு பீரங்கி ஒப்பந்தம். இடைத்தரகர் யாரும் இருக்கக் கூடாது என்று அரசு சொல்லியிருந்தது. 1987 ஏப்ரல் 16-ஆம் தேதி, கமிஷன் போயிருக்கிறது என்று ஸ்வீடன் வானொலி சொன்னது. இதில் எது நிச்சயம்? பணம் கொடுக்கப்பட்டது நிச்சயம். ஸ்வீடனின் தணிக்கை அமைப்பே அதை உறுதி செய்தது. குவாத்ரோச்சி என்ற இத்தாலியத் தொழிலதிபரோடு தொடர்புடைய கம்பெனிக்கும் பணம் போனது பதிவில் இருக்கிறது. எது நிரூபணமாகவில்லை? அந்தப் பணம் எந்த அரசியல்வாதியின் கைக்குப் போனது என்பது. எந்தக் கோர்ட்டிலும் அது நிரூபிக்கப்படவில்லை; 2004-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. நம் தாலுகா ஆபீஸ் வாசலில் நடப்பதும் இதே மாதிரிதான்: கொடுத்தது தெரியும், உள்ளே யார் வாங்கினார் என்று தெரியாது. அந்த மறைப்புக்குத்தான் நடுவில் ஒருவர். அமெரிக்காவில் லாபியிங் செய்பவர்கள், அதாவது காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக அரசிடம் பேசுபவர்கள், பதிவு செய்து, யாருக்காக, எவ்வளவு செலவில் என்று சொல்லியாக வேண்டும். 1995-லிருந்து அதற்குத் தனிச் சட்டம் உண்டு. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. வந்தால் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் பதிவு செய்துகொண்டே தப்புச் செய்தவர்கள் அங்கேயும் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

சரி, உங்கள் 18,000-க்கு வருகிறேன். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடியான குற்றம், 7 வருடம் வரை தண்டனை. மூன்றாவது ஆள் வழியாகக் கொடுத்தேன் என்பது காப்பாற்றாது என்று 8-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர், 7 நாளுக்குள் போலீசுக்கோ ஊழல் தடுப்புத் துறைக்கோ சொல்லிவிட்டால் அவர் மீது குற்றம் இல்லை. அதிகாரியிடம் செல்வாக்கைப் பயன்படுத்தித் தவறாக வேலை முடித்துத் தருவதாகப் பணம் வாங்கும் புரோக்கருக்கு 7ஏ பிரிவில் 3 முதல் 7 வருடம். இவை நிச்சயம். உங்களுக்கு உரிமையுள்ள, நியாயமான வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பணம் கொடுத்தவரும் குற்றவாளியா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது, ஏனென்றால் 8-ஆம் பிரிவு "முறைகேடாக" வேலை செய்யத் தூண்டுவதைப் பற்றிப் பேசுகிறது. வாங்கும் ஊழியர் விஷயத்தில் அந்த வாதமே இல்லை: ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நேரத்துக்கு முடிக்க 5,000 ரூபாய் கேட்டால் அது குற்றம் என்று சட்டத்திலேயே உதாரணம் எழுதியிருக்கிறார்கள். கொடுப்பவர் அந்த சந்தேகத்தின் பலனை நம்பி இறங்குவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

உங்கள் வேலைக்கு உண்மையில் என்ன தேவை? அப்பாவின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று. வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய். வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். நிலத்தைப் பிரிக்காமல் வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகக் கேட்டால், அது உட்பிரிவு இல்லாத மாறுதல், அளக்க வேண்டிய வேலை கிடையாது. உங்களுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக வேண்டும் என்றால்தான் நில அளவர் வர வேண்டும், அதற்குக் கட்டணம் தனி, நாளும் கூடும். அம்மா இருக்கிறார் என்றால் அவர் பெயரும் வாரிசுச் சான்றில் வந்தாக வேண்டும். உங்கள் கேள்வியில் அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் சொல்கிறேன். இன்னொன்று, பட்டாவில் பெயர் ஏறியதாலேயே பாகம் பிரிந்துவிடாது. அதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ தனியாக எழுதிப் பதிய வேண்டும்.

ஆன்லைனில் போட்டு விண்ணப்ப எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நிராகரித்தால் காரணம் எழுதியிருப்பார்கள். காரணம் சொல்லாமல் கிடப்பில் கிடந்தால், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் பதில் வருவதற்குள் பைல் நகர்ந்துவிடும். என் மேசைக்கு வந்த அப்படிப்பட்ட கேள்விகளுக்கு நானே முதலில் பைலைத்தான் தேடி எடுத்தேன். உத்தரவு தவறென்றால் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் முகாமில், நேரில் மனு கொடுக்கலாம்.

அலைய நேரமில்லை, வெளியூரில் வேலை என்றால், ஒருவருக்குக் கூலி கொடுத்து இதைச் செய்யச் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. அலைச்சல் கூலி இவ்வளவு என்று முதலிலேயே பேசி, வேலையைப் பொறுத்து 1,000, 2,000 கொடுங்கள். "உள்ளே கொடுக்க" என்ற வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விண்ணப்பத்தில் உங்கள் போன் நம்பரையே போடச் சொல்லுங்கள். அவருடைய நம்பரைப் போட்டுவிட்டால் ஓ.டி.பி.யும் நிராகரிப்புக் காரணமும் அவருக்குத்தான் போகும். பிறகு, ஒரு சின்னச் சான்று குறைகிறது என்று திரும்பி வந்த பைலைக் காட்டியே உங்களிடம் இன்னும் 5,000 கேட்பார்.

எல்லாவற்றுக்கும் முதலில் நாளைக்கே போய் அந்த அசல் பத்திரத்தை வாங்குங்கள். பட்டா மாற்ற அசலை யாரும் கையில் வைத்திருக்கத் தேவையில்லை. சரிபார்க்கக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் போகாதீர்கள், தங்கை வீட்டுக்காரரையோ தெரிந்த பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். சண்டை போட வேண்டாம், பேங்கில் கேட்கிறார்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு ஏதாவது காரணம் சொல்லித் திருப்பினால், அந்தக் காரணத்தை அப்படியே இங்கே எழுதுங்கள். எந்தக் காகிதம் குறைகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.